லைஃப்போட் ஸ்டேஷனா? அது நம்ம குப்பம் தாங்க!

"வெள்ளைக்காரன் ஊர் மாதிரி நம்ம கடற்கரையிலயும் உயிர்காப்புப் படகு நிலையம் வரணும். நமக்கு அந்தப் பாரம்பரியமே இல்லையே"ன்னு ஒரு நண்பர் வருத்தப்பட்டார். முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி அக்மார்க் அபத்தம்.

1800களோட பெரும்பகுதி மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். துரைமார் கரைக்கு வரணும்னா மசூலா படகு தான். ஆணி அடிக்காம, பலகைகளைக் கயிறால தைச்ச படகு. அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும், உடையாது. சரி, கவிழ்ந்துட்டா? விழுந்தவங்களைத் தூக்கறதுக்குன்னே பக்கத்துல கட்டுமரம் வரும். இதுக்குப் பேரு உயிர்காப்பு இல்லாம வேற என்னவாம்?

இங்கிலாந்துல 1824ல வில்லியம் ஹில்லரி ஒரு சங்கம் ஆரம்பிச்சார். இன்னிக்கு அது ஆர்.என்.எல்.ஐ. 200க்கும் மேல நிலையங்கள். படகுல போறவங்க பெரும்பாலும் தன்னார்வலர்கள், பணம் பெரும்பாலும் மக்கள் நன்கொடை. ஆனா போறவனுக்குப் பயிற்சி, உடுப்பு, நல்ல படகு எல்லாம் கேரண்டி.

இங்க? 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல 29,000 கன அடி திறந்து அடையாறு கரையெல்லாம் மூழ்கினப்போ, குப்பத்து மக்கள் தான் லாரியில படகை ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. 2017 ஒக்கி புயல்ல காணாமப் போனவங்களைத் தேடி, குமரி மாவட்ட மீனவர்கள் தாங்களே கடலுக்குப் போனாங்க. 2018 கேரள வெள்ளத்துலயும் இதே கதை. முடிஞ்சதும் பொன்னாடை, 'ரியல் ஹீரோ' பட்டம். அப்புறம் பழையபடி "மீன் நாத்தம், குப்பத்தைத் தூக்கி ஊருக்கு வெளிய போடுங்க"!

"அதான் 1977லேர்ந்து கடலோரக் காவல்படை இருக்கே"ம்பீங்க. இருக்கு, வேணும். ஆனா பெரிய கப்பல் அலை உடையற இடத்துக்கு வர முடியாது. வெள்ளம் புகுந்த தெருவுக்கு வரவே வராது. அங்க ஃபைபர் படகும் அதை ஓட்டத் தெரிஞ்ச கையும் தான் வேணும். ரெண்டும் ஏற்கெனவே குப்பத்துல இருக்கு.

அதனால புதுசா கட்டடம் கட்டி ரிப்பன் வெட்ட வேணாம். ஒவ்வொரு குப்பத்துலயும் நாலு படகைப் பதிவு பண்ணி, வயர்லெஸ், லைஃப் ஜாக்கெட், முதலுதவிப் பயிற்சி, காப்பீடு கொடுங்க. மீட்புக்குப் போற நாளுக்கு டீசலும் கூலியும் கொடுங்க. படகு உடைஞ்சா சரிபண்ணிக் கொடுங்க. கேக்கறது அவ்ளோ தான்.

உயிரைக் காப்பாத்தறவன்கிட்ட ஓசியில வேலை வாங்கிட்டு அதைத் தியாகம்னு சொல்றது பாராட்டு இல்லீங்க, சுரண்டல்.

டிஸ்கி: கரையான்சாவடியில பேர்ல மட்டும் தான் கரை. உனக்கெதுக்குக் கடல் விவகாரம்னு கேக்கறவங்களுக்கு: செம்பரம்பாக்கம் எங்க பக்கத்து ஏரி சாமி!