சோற்றை வெறுக்கும் குழந்தைகள்

காப்பித் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற சேர்வராயன் மலை, விடுதிப் பள்ளிகளுக்கும் பேர்பெற்றது. ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் ஏற்பட்டது. அதற்கு மூத்த பள்ளியும் அங்கே உண்டு. தூரத்துப் பெற்றோர் கல்வியை நாடித் தம் மக்களை அம்மலைக்கு அனுப்புகின்றனர். விடுதியில் வாழும் குழந்தையொன்று சோற்றை வெறுத்து மெலியத் தொடங்கினால், அருகிருந்து ஊட்டுவார் யார்? எப்பள்ளியையும் குறைகூற இதை எழுதினோமில்லை. எந்த விடுதிக்கும் உரிய சங்கடம் இது.

அனொரெக்ஸியா என்னும் இவ்வியாதியைப் பிடிவாதமென்று தள்ளுவோர் பலர். நாடியைத் தளர்த்தி, இருதயத்தைக் கெடுத்து, உயிரையே வாங்கவல்லது அது. மேனாட்டார் நோயென்பதும் பிழை. உண்ண மறுத்து மெலிந்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி 1995-லேயே இந்திய வைத்தியர்கள் எழுதியிருக்கின்றனர்.

லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980-களில் உருவான சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல் வைத்தியருக்குத் துணைவராக்குகிறது. முதலில் உணவுப் பொறுப்பு முழுவதும் பெற்றோர் கையில்; எடை தேறியபின் அது படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும்; முடிவில் வயதுக்குரிய வாழ்வைப் பற்றிய பேச்சு. உடல் மிகத் தளர்ந்தோருக்கு ஆஸ்பத்திரியே முதற்படி.

இந்நெறி நமக்குப் புதிதா? அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் மனநோயாளரின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் தொடங்கிய மனநல நிலையத்திலும் உற்றார் நோயாளியுடன் தங்குவதே முறை. வழியறிந்த நாடு, அவ்வழி நடத்துவோரை வேண்டிய அளவு பயிற்றாதிருப்பது தகுமோ?

ஏட்டைப் படித்த மாத்திரத்தில் இவ்வித்தை கைவராது. அனுபவஸ்தரின் மேற்பார்வையில் குடும்பங்களுடன் அமர்ந்து பழகவேண்டும். அதுவும் தமிழிலே, பாட்டியும் அத்தையும் ஒரே பந்தியில் அமரும் வீட்டை அறிந்து பழகவேண்டும். மலையடிவாரத்துச் சேலத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல நர்ஸுகளுக்கும், உளவியல் நிபுணருக்கும், சமூக ஊழியருக்கும் அங்கே பயிற்சி அளித்தல் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

பள்ளிகளுக்கும் கடமையுண்டு. பிள்ளை மெலிவதைக் கண்டதும் பெற்றோரை வரவழையுங்கள். வைத்தியர் சொன்னால் வீட்டுக்கு அனுப்புங்கள். தேறித் திரும்பும்வரை அதன் இடத்தைக் காத்துவையுங்கள். வகுப்பு போய்விடுமென்ற பயத்தாலேயே நோயை மறைக்கும் பெற்றோர் உண்டு.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சிகிச்சையை ஜனங்களின் உரிமையாக்கிற்று. சிகிச்சை செய்யக் கற்றவர் இல்லாவிடில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே. தேச ஊழியர்களே, இதையும் உங்கள் கோரிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்!