சாகப்போகிறவரிடம் யார் பேசுவது?

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், தெரு முழுக்கச் செய்தி பரவ அதிக நேரம் ஆகாது. வாசலில் பந்தல் எழும், நாற்காலிகள் வந்திறங்கும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் படம் தேடுவார்கள். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வேன் பிடித்துத் துட்டிக்கு ஆட்கள் வருவார்கள். நீர்மாலை எடுப்பது யார், கோடி போடுவது யார், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு யார் பொறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட அன்றைக்கு வந்து நிற்பார். சாவைக் கண்டு ஒதுங்குகிற ஊர் அல்ல இது.

ஆனால் அதே வீட்டில் சில மாதங்களுக்கு முன்பு நடந்ததை யோசித்துப் பார்க்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் இருந்திருக்கும். நலம் விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, “அவருக்கு ஒன்னும் தெரியாது, எதையும் கேட்டுராதீங்க” என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருப்பார்கள். படுக்கையில் கிடந்தவர், “எனக்குப் பெறகு…” என்று தொடங்கியபோதெல்லாம், “அச்சானியமாப் பேசாதீங்கப்பா” என்று மகள் தடுத்திருப்பாள். இறந்த பிறகு ஊரே கூடிப் பேசுகிறது. இறந்துகொண்டிருப்பவரோடு ஒருவரும் பேசுவதில்லை. மரணம் குறித்த நம் மௌனம் இருப்பது இங்கேதான். இதை உடைத்தாக வேண்டும்.

மாங்குடியின் மரபு

இது தமிழருக்குப் பழக்கமில்லாத பேச்சு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பத்துப்பாட்டில் மிக நீளமானது 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி. அதைப் பாடிய மாங்குடி மருதனாரின் ஊர், சங்கரன்கோவில் வட்டாரத்து மாங்குடிதான் என்று கருதப்படுகிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்று, புகழின் உச்சியில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அவர் எடுத்துச் சொன்னது நிலையாமையை. அதுவும் அரசன் நல்ல உடலோடும் நிறைந்த செல்வத்தோடும் இருந்தபோதே சொன்னார். காஞ்சித் திணையின் அடிப்படையே அதுதான்: முடிவு உண்டு என்று தெரிந்தவனால்தான் இருக்கிற நாளை ஒழுங்காக வாழ முடியும். அரசனிடம் அபசகுனமாகப் பேசிவிட்டார் என்று அந்தப் புலவரை யாரும் ஒதுக்கவில்லை. அவர் பாட்டு இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது.

ஒப்பாரியும் அந்த மரபின் இன்னொரு கிளைதான். இறந்தவரின் குணம், அவரால் பட்ட பாடு, பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டுக் குறை என்று அனைத்தையும் கூட்டத்தின் நடுவே சொல்லி அழும் உரிமையைக் கிராமத்துப் பெண்கள் கையில் வைத்திருந்தார்கள். இன்று அந்த இடத்தை ஒலிபெருக்கியும் பதிவுசெய்த பாட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரபில் எல்லாமே போற்றத்தக்கது என்று சொல்ல வரவில்லை. சுடுகாட்டுப் பாதையிலும் சாதி பார்ப்பது, சாவுக்குப் பறையடிப்பதை ஒரு சமூகத்தின் தலையில் கட்டியது, கணவனை இழந்தவளைச் சபையில் நிறுத்தித் தாலியை வாங்குவது ஆகியவை ஒழிய வேண்டியவை. சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசும் துணிச்சல் மட்டும் நாம் காப்பாற்ற வேண்டிய சொத்து.

மறைப்பதன் விலை

நோயைச் சொன்னால் அந்த நிமிஷமே மனசு விட்டுவிடுவார் என்பதுதான் குடும்பங்கள் சொல்லும் காரணம். அது அன்பிலிருந்து வரும் பயம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகை நோயாளியின் கண்ணிலும் படுகிறது. முடி கொட்டுவதும் உடம்பு இளைப்பதும் அவருக்கும் தெரிகிறது. பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவர் தெரியாதவர்போல் இருக்கிறார். அவர் வருத்தப்படுவாரே என்று பிள்ளைகள் ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றப்போய், மிச்சமிருந்த நாட்களை ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகக் கழித்துவிடுகிறார்கள்.

இதற்குப் பண விலையும் உண்டு. கேட்காமல் விட்ட கேள்விகளுக்குப் பதில், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஓடும் ஆம்புலன்ஸ்களில் தேடப்படுகிறது. குணமாக்க முடியாது என்று தெரிந்த பிறகும், தறியையோ நகையையோ நிலத்தையோ விற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள். “கடைசிவரைக்கும் பார்த்தோம்னு இருக்கட்டும்” என்பதே நோக்கமாகிவிடுகிறது. அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போக அவருக்கு விருப்பமா என்று கேட்டவர் யாருமில்லை.

வலிக்கும் இதுவே கதி. கடும் புற்றுநோய் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த மருந்து. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் உரிம நடைமுறைகளை இறுக்கியதால், மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. என்றாலும் வலிதணிப்பு சிகிச்சை என்று மருத்துவர் சொன்னாலே, “கைவிட்டுட்டாங்க” என்றுதான் குடும்பத்தின் காதில் விழுகிறது. உலகளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துத் தட்டுப்பாட்டோடு, வாய்திறந்து கேட்கத் தயங்கும் நம் பழக்கமும் சேர்ந்துதான் நோயாளியை வலியில் கிடத்துகிறது.

மௌனத்தின் கொடூரமான எல்லை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விருதுநகர், மதுரை வட்டாரங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுத்த படுக்கையான முதியோரின் உயிரைப் போக்கும் வழக்கம் 2010 வாக்கில் செய்திகளில் பெரிதாக வெளிவந்தது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ அதைப் பற்றிய படம். 2018-ம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. கருணை என்று எந்தப் பெயரிட்டாலும் அது கொலைதான். அதற்குப் பின்னால் வறுமை இருக்கிறது, பராமரிக்க ஆளில்லாமை இருக்கிறது. கூடவே, அந்த முதியவரிடம் யாரும் எதுவும் கேட்காத வீடும் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மலையேறினால் கேரளம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்ட மருத்துவர்கள் சிறிய அளவில் ஒரு வலிதணிப்பு மையத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அந்த வேலையை ஊர்க்காரர்களே கையில் எடுத்தார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போனார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் வீட்டுப் பராமரிப்பை ஏற்றன. மரணத்தின் மதிப்பு குறித்து ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் பார்த்துக் கற்க வேண்டிய முன்மாதிரியாக இதைக் காட்டியது.

அங்கே போகிற தன்னார்வலர் மருந்தோடு ஒரு காதையும் கொண்டுபோகிறார். குடும்பத்தாரிடம் சொல்ல முடியாததை நோயாளி அவரிடம் சொல்கிறார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலிதணிப்புப் பராமரிப்பு இடம்பெற்றிருக்கிறது. செவிலியர் நம் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் உட்கார்ந்து பேச நேரமும் பயிற்சியும் கொடுப்பது அரசின் வேலை. அவரோடு போக நாலு பேரைத் தருவது ஊரின் வேலை.

எழுதிவைக்கும் உரிமை

கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை தனக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் இதற்கு நீதித்துறை நடுவரின் ஒப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அது மாற்றப்பட்டு, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் போதும் என்றானது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு இதில் இடமில்லை. சொத்துக்கு உயில் எழுதுகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு காகிதம் இருப்பது தெரியும்?

பேசினால் என்ன மாறும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் தந்தார்கள். அதன் பிறகு உறுப்பு தானம் இங்கே வீட்டுத் திண்ணைப் பேச்சானது. 2023-ல், உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பும் வந்தது. வாய்விட்டுச் சொல்லவே கூசிய ஒன்றை ஒரு சமூகம் பதினைந்து ஆண்டுகளில் பெருமையாக மாற்றியிருக்கிறது.

பதினாறுக்குப் பிறகு

துக்கத்துக்கும் நாம் ஒரு கெடு வைத்திருக்கிறோம். பதினாறு முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள். உறவுகள் ஊருக்குத் திரும்பும். உண்மையான வெறுமை தொடங்குவதே அப்போதுதான். ஆம்பிள்ளை அழலாமா என்று அடக்கப்பட்ட மகன், “தாத்தா ஊருக்குப் போயிருக்காரு” என்று சொல்லப்பட்ட பேரக்குழந்தை, தற்கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்து ஊர்க்கண்ணுக்கு அஞ்சும் தாய்: இவர்களை யார் விசாரிக்கிறார்கள்? துட்டி கேட்கும் வழக்கத்தை மூன்றாம் மாதத்துக்கும் முதல் ஆண்டுக்கும் நீட்டினால் போதும். போய் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிப் பேச வேண்டும். பெயரைச் சொன்னால் காயம் கிளறப்படும் என்று பயப்படுகிறோம். பெயரே காதில் விழாமல் போவதுதான் அவர்களுக்குப் பெரிய வலி. குழந்தைகளிடம் “இறந்துவிட்டார், இனி வரமாட்டார்” என்று நேராகச் சொல்லி, அவர்கள் கேட்கும்போதெல்லாம் பதில் தர வேண்டும்.

எங்கே தொடங்குவது?

நோயாளியின் தலையில் உண்மையைக் கொட்டுவது வெளிப்படைத்தன்மை ஆகாது. “ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒங்களுக்கே என்ன தோணுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே தொடக்கம். எதுவும் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. தெரிய வேண்டும் என்றால், எங்கே இருக்க ஆசை, யார் பக்கத்தில் வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம், எரிப்பதா புதைப்பதா, யாரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

இதை நோய் வரும்வரை ஒத்திப்போட வேண்டியதில்லை. ஆடித்தபசுக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் சங்கரன்கோவில் வருகிறார்கள். வீடு நிறைந்திருக்கும் அந்த நாட்களில் பெரியவர்களே முதலில் வாயைத் திறக்கலாம். பிள்ளைகள் செய்ய வேண்டியது, “அச்சானியம்” என்று தடுக்காமல் கடைசிவரை கேட்பது. அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது அப்பாவின் வாயாலேயே தெரிந்த குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒருவர்மேல் ஒருவர் பழிபோட வேண்டிய நிலை வராது. பின்னாளில் குற்றவுணர்விலும் வேகாது.