தாயின் கேள்விக்கு விடை எங்கே?

"எனக்குப் பின் என் பிள்ளையை யார் பார்ப்பார்?"

நாற்பது வயதை எட்டிய பிள்ளைக்கு ஊட்டியும் உடுத்தியும் குளிப்பாட்டியும் வரும் எழுபது வயதுத் தாய் ஒருத்தி கேட்கும் கேள்வி இது. இக்கேள்விக்கு விடை கூற வேண்டிய அரசு, அதனை இன்னும் அவள் வீட்டு விவகாரமாகவே கருதுகின்றது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனுமொரு வகையில் வலுவிழந்தவர்கள். இவர்களுள் மிகப் பலர் தம் காலிலேயே நிற்பவர்கள். நாள் முழுதும் பிறர் துணை வேண்டுவோரின் பாரமோ முற்றாகக் குடும்பத்தின் தலையிலேயே வீழ்ந்துள்ளது. முன்னர் அப்பாரத்தைச் சுற்றம் பகிர்ந்துகொண்டது. 2009 வரை நீடித்த போரும் புலம்பெயர்வும் வடக்கிலும் கிழக்கிலும் அச்சுற்றத்தைச் சிதறடித்தன. அண்ணன் கனடாவில், தங்கை இலண்டனில். பணம் வருகின்றது, நள்ளிரவில் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கக் கை வருவதில்லை!

சட்டம் இல்லையா? உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்விக்கூட அனுமதியிலும் பாரபட்சம் கூடாதென்றது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வதென்பதை வலுவிழந்தோரே தெரிவுசெய்யும் உரிமையையும், அதற்கு வேண்டிய துணையையும் வலியுறுத்துகின்றது. கையொப்பம் இட்டாயிற்று, வீடு எங்கே?

சுவீடன் நாட்டைப் பாருங்கள். 1993இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், துணையாளருடன் கூடிய வீட்டையும், பெற்றோர் இளைப்பாறும் பொருட்டுப் பிள்ளை சில நாள் வெளியே தங்கும் வசதியையும் உரிமைகளாக்கியது. அறிவுவளர்ச்சிக் குறைவுடையோரை அடைத்துவைத்த பெருவிடுதிகள் 1999 முடிவுக்குள் மூடப்பட வேண்டுமெனப் பின்னர் விதிக்கப்பட்டது.

பெற்ற பிள்ளையை வெளியே தங்கவைப்பது பாவமென்பார் சிலர். தாய் நோயுற்றுப் படுத்தால் ஒரு வாரம் பிள்ளையைப் பேணுவது பாவமன்று; அவள் வீழும்வரை பார்த்திருப்பதே பாவம். வறிய நாட்டில் பணம் ஏதென்பார் வேறு சிலர். ஊதியமின்றி அத்தாய் ஆண்டாண்டாகச் செய்த வேலைக்குக் கணக்குப் பார்த்தால், கடன்பட்டிருப்பது யாரென்பது விளங்கும்.

நாம் கேட்பது இரண்டு. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும், பயிற்சி பெற்ற பணியாளருடன் சில நாள் தங்கக்கூடிய இல்லம் ஒன்று. பெற்றோர் இல்லாதோர் மூவர் நால்வராகத் துணையாளருடன் தம் ஊரிலேயே வாழச் சிறு வீடுகள். தூரத்து மதிற்சுவருக்குள் அடைக்கும் விடுதி வேண்டாம். பசியையும் வலியையும் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்தவருக்குத் தமிழறிந்த பணியாளர் வேண்டும்.

வலுவிழந்தோர் நலன் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குரிய விடயம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிவுற்றது; சமூக சேவைத் திணைக்களம் முடிவுறவில்லை. எனவே கொழும்பை மட்டும் குறைகூறித் தப்ப நம் தலைவர்களுக்கு இயலாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோர், எத்தனை இல்லங்கள், எந்த ஆண்டுக்குள் என எழுதித் தரட்டும். அதன் பின் உரிமை பற்றிப் பேசட்டும்!