தாகத்தால் அல்ல, தண்ணீரால் மடியும் செடி

செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த தோட்ட விதி. ஆனால் செடியின் இயல்பை அறியாமல் ஊற்றும் நீர் அன்பு ஆகாது என்பதே என் கருத்து. இதற்குச் சான்றாக ஆஸ்திரேலியப் பாலைநிலத்துக் காட்டுப்பூ ஒன்றைப் பார்ப்போம்.

அதன் பெயர் ஸ்டர்ட் பாலைப் பட்டாணி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தரையில் படர்ந்து வளர்வது. பூ இரத்தச் சிவப்பு. அதன் நடுவில் பளபளப்பான கரிய குமிழ் ஒன்று உண்டு. 1699ஆம் ஆண்டில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி இச்செடியின் மாதிரியைச் சேகரித்தார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராய்ந்த சார்லஸ் ஸ்டர்ட்டின் பெயரை இது பெற்றது. 1961இல் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் சின்னமலர் ஆயிற்று.

இத்தகைய அழகிய பூவைத் தோட்டத்தில் வளர்க்க யாருக்குத்தான் ஆசை இராது? ஆயினும் ஆசையோடு வளர்க்கப்படும் செடிகள் பல, பூக்கும் முன்பே இறந்துவிடுகின்றன. காரணம் வறட்சி அன்று, ஈரம்!

வேரும் உயிருள்ள உறுப்பு. அதற்கும் ஆக்சிஜன் தேவை. மண் துகள்களின் இடைவெளியில் உள்ள காற்று வேருக்கு அதை அளிக்கிறது. நீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் அடைபடுகின்றன. வேர் நலிகிறது, நோய்க்கிருமிகள் தாக்கி அழுகச் செய்கின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. அதைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம்!

குற்றம் வேரிடத்தில்தான் என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. இதன் இளநாற்றை ஈரத்தைத் தாங்கும் வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டினால், அது தொட்டியில் நன்கு வளர்கிறது. தண்டும் இலையும் அவையேதான். மாறியது வேர் மட்டுமே.

அப்படியானால் ஒட்டுக்கட்டியே வளர்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது தேர்ந்த கைகளுக்கு உரிய வேலை. செடியை மாற்றுவதைவிடப் பாத்தியை மாற்றுவதே எளிது என்பேன். மணல் மிகுந்த மேட்டுப்பாத்தி, நாள் முழுதும் வெயில், நல்ல வடிகால் ஆகியவை போதும். விதையின் தோல் மிகக் கடினமானது. ஆகவே அதை உப்புத்தாளில் சற்றே தேய்த்து, ஓர் இரவு வெந்நீரில் ஊறவிட வேண்டும். ஆணிவேர் விரைவில் ஆழமாக இறங்கும். அதைக் கலைத்தால் செடி பொறுக்காது. எனவே வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது.

வறட்சி தாங்கும் செடி என்றால் நீரே வேண்டாத செடி என்று பொருள் அல்ல. பாலையிலும் இதன் விதை மழை பெய்த பிறகே முளைக்கிறது. இளஞ்செடிக்கு ஈரம் தேவை. வேரூன்றிய பின் மண் காய்ந்த பிறகே நீர் விடவேண்டும்.

காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வருவது கூடவே கூடாது. வேர் அறுந்து அச்செடி இறக்கும். பாலையும் ஒரு செடியை இழக்கும். தென் ஆஸ்திரேலியாவில் இது பாதுகாக்கப்பட்ட செடியும் ஆகும்.

மாணவர்களே! வாடிய செடி எதைக் கண்டாலும் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் விரலால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால், செடி கேட்பது நீரை அன்று, காற்றை!