கழுதையைப் பாட வைக்கும் கருவி எங்கே?

"ஆட்டோடியூன் இருந்தால் கழுதையும் பாடும்." திரையிசை பற்றிய பேட்டி, பாட்டுப் போட்டியின் நடுவர் நாற்காலி, பாராட்டு விழா மேடை என்று எங்கே சொன்னாலும் உடனே கைதட்டல் வாங்கித் தரும் வாசகம் இது. இதன் ஆங்கில மூதாதையை 2010இல் டைம் இதழ் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 50 கண்டுபிடிப்புகள் என்ற பட்டியலில் பார்க்கலாம். வியட்நாம் காடுகளை அழித்த ஏஜென்ட் ஆரஞ்சும் டி.டி.டி. பூச்சிக்கொல்லியும் இடம்பெற்ற அதே பட்டியலில், பாடகரின் சுருதியைத் திருத்தும் ஒரு மென்பொருளுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். மட்டமான பாடகரை நல்ல பாடகராகக் காட்டுகிறதாம், அதுதான் குற்றம். அப்படிப்பட்ட பாடகருக்கு உதாரணமாக அமெரிக்காவின் டி-பெயினைக் காட்டினார்கள். அன்று முதல் அந்தக் கருத்து ஊர் ஊராகச் சுற்றி, நம்மூரில் கழுதை உருவம் எடுத்து நிற்கிறது. சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று ஒரு முறையாவது எட்டிப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

அது செய்வது மிகச் சிறிய வேலை. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெபிராண்ட், பூமிக்குள் அனுப்பிய ஒலியின் எதிரொலியை வைத்து எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுபவர். அதே வகைக் கணிதத்தைக் குரலின் மீது திருப்பி, 1997இல் ஆட்டோடியூனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பாடகர் இந்தக் கணத்தில் எந்த அதிர்வெண்ணில் பாடுகிறார் என்று கருவி கண்டுபிடிக்கிறது. நாம் கொடுத்த சுரவரிசையில் அதற்கு மிக அருகில் இருக்கும் சுரத்திற்கு அதை நகர்த்துகிறது. எவ்வளவு வேகமாக நகர்த்த வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. அவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 100 சென்ட் என்று கணக்கிடுவது வழக்கம். பன்னிரண்டு தானங்களையும் திறந்து வைத்த நிலையில் பாடகர் 30 சென்ட் விலகினால் கருவி அவரைச் சரியான இடத்தில் கொண்டுவந்து விடும். 60 சென்ட் விலகினாலோ பக்கத்துச் சுரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுவிடும். பாடகர் எந்தச் சுரத்தைப் பாட நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது. ஆக, ஏறக்குறைய சரியாகப் பாடுகிறவருக்கு மட்டுமே அது உதவ முடியும்; கழுதைக்கு உதவாது. சுருதி சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, ழகரத்தை எப்படி உச்சரிப்பது, தாளத்திற்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று எப்படி இழுப்பது, குரலில் எங்கே நடுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற எதையும் அது முடிவு செய்வதில்லை. தாளத்தை நகர்த்த வேறு மென்பொருள்கள் உண்டு. அவற்றிலும் காது உள்ள ஒருவர் உட்கார்ந்துதான் நகர்த்த வேண்டும். மோசமான பாடகரைக் கருவியில் போட்டால், சுருதி சேர்ந்த மோசமான பாடகர் வெளியே வருவார்.

டைம் இதழ் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய டி-பெயின் என்ன ஆனார்? 2014இல் அமெரிக்க வானொலி அமைப்பான என்.பி.ஆர். நடத்தும் டைனி டெஸ்க் நிகழ்ச்சியில், எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒரு கீபோர்டுடன் உட்கார்ந்து தன் பாடல்களைப் பாடினார். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2019இல், முகமூடி அணிந்து பாடும் தி மாஸ்க்டு சிங்கர் நிகழ்ச்சியின் முதல் பருவத்தை வென்றவரும் அவர்தான். அவர் ஆட்டோடியூனைக் குறையை மறைக்க எடுக்கவில்லை, கிடார் கலைஞர் தன் கிடாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பதுபோல் ஒரு நிறத்திற்காக எடுத்தார். 1998இல் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டிலும் அதே கதைதான். நகர்த்தும் வேகத்தைக் கடைசி எல்லைக்குத் திருகி, குரல் சுரத்திற்குச் சுரம் தாவுவதை எல்லோர் காதிலும் விழும்படி செய்தார்கள். அதன் தயாரிப்பாளர்கள் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அது வேறு ஒரு கருவியின் வேலை என்று பத்திரிகையில் கதைவிட்டார்கள். தொழில் ரகசியமாகப் பூட்டி வைக்கும் அளவுக்கு அது அவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு. பாடத் தெரியாதவரின் ஊன்றுகோலை யாரும் அப்படிப் பூட்டி வைப்பதில்லை.

நம் பக்கத்தில் இந்த வாதத்திற்குக் கொஞ்சம் பாண்டித்தியம் பூசி, கருவி கமகத்தைக் கொன்றுவிடும் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கொன்றுதான் விடும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்திற்கும் மத்யமத்திற்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். வேகமாக நகர்த்தும்படி அமைத்த ஆட்டோடியூன் அந்த அசைவைப் படிக்கட்டாக வெட்டிப் போடும். இது தெரியாத ஒலிப்பொறியாளர் யாரும் சென்னையில் பிழைக்க முடியாது. அதனால்தான் நம் ஸ்டூடியோக்களில் தானாக ஓடும் திருத்தத்தை விட, 2001இல் ஜெர்மனியிலிருந்து வந்த மெலோடைன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு சுரமாகத் திறந்து, எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று கையால் பார்க்கும் வேலைக்கு மதிப்பு அதிகம். அந்தக் கையின் பின்னால் ஒரு காது இருக்கிறது. கமகம் எது, அபஸ்வரம் எது என்று பிரித்தறியும் காது. சுருதி ஞானம் பாட்டிலிருந்து ஒழிந்துபோகவில்லை, அதில் ஒரு பங்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. கமகம் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் உண்மையிலேயே வலுவான ஒரு குறையைச் சொல்லியிருக்கலாம். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்டில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரமோ 400இல். கீபோர்டின் சுரவரிசையை அப்படியே கொடுத்துவிட்டால், சரியாகப் பாடிய பாடகரையே கருவி 14 சென்ட் தள்ளிவிடும். ஆனால் இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பழி மென்பொருளோடு நிற்காது; ஆர்மோனியத்தில் தொடங்கி, நாம் மெய்மறந்து கேட்கும் திரையிசையின் கீபோர்டுகள் வரைக்கும் போகும். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடையே செய்தது; பிறகு அந்தத் தடையும் தளர்ந்தது, நம் காதும் பழகிவிட்டது. கமகம் போன்ற வளைவுகள் நிறைந்த ராய் இசையைப் பாடும் அல்ஜீரியாவிலும், மொராக்கோவின் பெர்பர் பாடகர்களிடமும் ஆட்டோடியூன் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. குரல் வளையும்போது கருவி தடுமாறி எழுப்பும் அந்தச் சிலிர்ப்பையே அங்கே ரசிக்கிறார்கள்.

அடுத்தது நேர்மை. திருத்திய குரலைப் பாடகரின் குரல் என்று விற்பது ஏமாற்று வேலை என்கிறார்கள். இதைத் தமிழ் சினிமா மேடையில் நின்றுகொண்டு சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடே என்ன? ஒருவர் வாயை அசைப்பார், இன்னொருவர் பாடுவார். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி.மெய்யப்பன் இதைத் தொடங்கி வைத்தார். 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாடல்களுக்குப் பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். அதன் பிறகு எம்.ஜி.ஆரும் பாடினார், சிவாஜியும் பாடினார். இரண்டு தொண்டையிலும் இருந்தவர் டி.எம்.சௌந்தரராஜன். ஒரே மனிதரின் குரலை எதிரெதிர் முகாம்களின் இரண்டு முகங்களில் ஒட்டி, இரண்டு தரப்பு ரசிகர்களையும் உருக வைத்த மாநிலம் இது. ஒரு மனிதனின் குரலையே முழுசாக மாற்றலாம், அது கலை. அதே மனிதனின் ஒரு சுரத்தை 20 சென்ட் நகர்த்தினால் மோசடி! இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததோ. சினிமா என்றாலே பொய்தானே, தூய இசையைப் பாருங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். பார்க்கலாம். 1952இல் ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்ட' ஒலிப்பதிவில், கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடுக்கு எட்டாத மேல்ஸ்தாயி சுரங்களை எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். மேற்கத்திய ஓபராவின் மாபெரும் இசைத்தட்டுகளில் ஒன்றாக இன்றும் அது போற்றப்படுகிறது. 1966இல் பீட்டில்ஸ் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டுக்காக, சுருதியும் வேகமும் வெவ்வேறாக இருந்த இரண்டு பதிவுகளை, நாடா ஓடும் வேகத்தை மாற்றி ஒன்றாக ஒட்டினார்கள். அவர்களின் பாடகர் லெனானின் குரலின் சுருதியைக் கருவி நகர்த்தியது, ஆட்டோடியூன் பிறப்பதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பு. நாடாவை வெட்டி ஒட்டியபோதும், பல தடங்களில் பதிந்து தவறிய ஒரு வரியை மட்டும் மறுபடி பாட வைத்து நுழைத்தபோதும், பத்து டேக்கிலிருந்து நல்ல சொற்களைப் பொறுக்கி ஒரே டேக்காகக் கோத்தபோதும் கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒலிப்பதிவு என்பது நடந்ததை நடந்தபடி காட்டும் சாட்சி என்று யார் எப்போது சொன்னார்கள்? முழு வாத்தியக் குழுவோடு நின்று ஒரே டேக்கில் பாடிய தலைமுறையின் திறமை மலைப்பூட்டுவதுதான். ஆனால் அவர்கள் அப்படிப் பாடியதற்கு அன்றைய கருவிகள் வேறு வழி தராததும் ஒரு காரணம்.

பாடத் தெரியாத நடிகர்கள் எல்லாம் பாடுகிறார்கள், பாடகர்களின் பிழைப்பு போகிறது என்ற புலம்பலும் உண்டு. நடிகர் பாடுவது மென்பொருள் கொண்டுவந்த பழக்கமா? தியாகராஜ பாகவதரை விட்டுவிடுவோம், அவர் பாடகர்தான். சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடினார். கமல்ஹாசன் 1975இல் 'அந்தரங்கம்' படத்திலேயே பாடிவிட்டார். விஜய் 'ரசிகன்' படத்தில் பாடியது 1994இல். ஆட்டோடியூன் கடைக்கு வர இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன. நட்சத்திரத்தின் குரலுக்குச் சந்தை இருக்கிறது, தயாரிப்பாளர் அதை விற்கிறார். அதில் குறை இருந்தால் சொல்ல வேண்டிய முகவரி தயாரிப்பாளரின் அலுவலகம். ஆனால் அங்கே போய்ச் சொன்னால் அடுத்த வாய்ப்பு என்ன ஆகுமோ. மென்பொருளைத் திட்டினால் யாருக்கும் கோபம் வராது.

இளைஞர்கள் சாதகம் செய்ய மாட்டார்கள் என்ற அச்சத்திற்கு ஒரு வரிப் பதில் போதும்: மேடைக் கச்சேரிக்கும் போட்டிக்கும் இன்றும் பாடித்தான் ஆக வேண்டும். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பது ஓரளவு உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ஒரே தாளத் துண்டு, ஒரே சத்த அளவு, முதல் சில நொடிகளில் கேட்பவரைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே அவசரம். குரலின் சுருதி அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது.

உண்மையில் பதற வேண்டிய விஷயம் வேறு இடத்தில் நடக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு பாடியது. குடும்பத்தாரின் அனுமதியோடும் ஊதியத்தோடும் செய்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். அதே ஆண்டில் 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் அதே வழியில் கேட்டது. இவை அனுமதியோடு நடந்தவை. நாளை அனுமதி கேட்காமல் செய்பவரை எது தடுக்கும், அந்தக் குரலின் ஊதியம் யாருக்குச் சேரும் என்று மேடைகளில் பேசலாம். அங்கே பாடகர் என்ற மனிதரே தேவைப்படாமல் போகலாம். ஆட்டோடியூனுக்கோ ஒரு மனிதர் மைக் முன்னால் நின்று, பெரும்பாலும் சரியாகப் பாடியே ஆக வேண்டும்.

திருத்தம் மறைவாக நடப்பதுதான் உறுத்துகிறது என்றால், அதற்கு எளிய வழி இருக்கிறது. பாட்டு வெளியாகும்போது இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், மிக்ஸிங் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் பெயர்களைப் போடுகிறீர்கள். இரவெல்லாம் உட்கார்ந்து அந்தக் குரலைச் சுரம் சுரமாகச் சரி பார்த்தவரின் பெயரையும் அதே வரிசையில் போடுங்கள்.