இருநூற்றேழாம் இரவு

கனவு காணுங்கால் இது கனவே என்று உணர்ந்திருக்கும் அப்பியாசத்தை நெடுங்காலம் கைவிட்டு, இப்போது மீளத் தொடங்க விரும்பியும் உற்சாகம் பிறவாமல் தயங்கும் அன்பர்களை நினைக்கையில், 1867-இல் இப்பொருள் பற்றி நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் எர்வே த சேன் தெனியின் அநுபவமே என் மனத்தில் முன்வந்து நிற்கிறது. 13-ஆம் பிராயத்தில் கனவுகளை எழுதிவைக்கத் தொடங்கிய அவருக்கு, உறக்கத்தின் நடுவே 'இது கனவு' என்னும் பிரக்ஞை முதன்முதலாக வாய்த்தது குறிப்பேட்டின் 207-ஆவது இரவில்தான். அதற்கு முந்தைய இரவுகளிலெல்லாம் அவர் செய்ததோ, கண்டதைக் காலையில் சிரத்தையுடன் எழுதியது மட்டுமே. இடைவெளிக்குப்பின் திரும்புவோர் பெரும்பாலும் பழைய சித்தியையே முதல் இரவில் எதிர்பார்க்கின்றனர். அது வாராதபோது வித்தையே தம்மைவிட்டு அகன்றதென மனம் சோர்கின்றனர். இது வீண் துக்கம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் எழுத எழுதக் கனவுகளின் ஞாபகம் பெருகும், அந்த ஞாபகத்திலிருந்தே ஆர்வமும் தானாகத் துளிர்க்கும், பறப்பதும் விரும்பியோரைச் சந்திப்பதுமான மற்ற இன்பங்களெல்லாம் பிற்பாடுதான். ஆகையால், அன்பரே, ஊக்கம் வரட்டுமெனக் காத்திராமல், இன்றிரவே தலைமாட்டில் ஓர் ஏடும் பென்சிலும் வைத்துக்கொண்டு உறங்குங்கள். விழித்ததும், எழுந்திருக்குமுன், நினைவில் நிற்பதை ஒரு வரியாயினும் எழுதுங்கள்.