களிமண் காக்குமா? கிளந்தான் கிணறுகள் எழுப்பும் கேள்வி

மலேசியாவில் நிலத்தடி நீரை மிக அதிகமாக நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான். அங்குப் பொது நீர் விநியோகத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு நிலத்தடியிலிருந்து வருகிறது. குழாயில் வரும் மஞ்சள் நீர் பற்றிய புகார் அங்குப் பழையது. அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம் இரும்பு. அது கண்ணுக்குத் தெரிகிறது. உரத்திலிருந்தும் மலத்தொட்டியிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கோத்தா பாரு வட்டாரம் ஆற்று வண்டலால் ஆனது. மேலே ஒரு மணல் அடுக்கு. அதன் கீழே களிமண். அதற்கும் கீழே மீண்டும் மணல். வீட்டுக் கிணறுகள் பெரும்பாலும் மேல் அடுக்கிலிருந்தே நீர் எடுக்கின்றன. மாசு முதலில் சேர்வதும் அங்கேதான்.

அந்த மாசு எவ்வளவு வேகமாக நகரும்? ஓர் உதாரணக் கணக்கு இது. 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் நீர்மட்டச் சரிவு இருந்தால், நல்ல மணலில் நீர் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் நகரும். 300 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றை மாசு அடைய 20 ஆண்டுகள் ஆகலாம். கெட்டியான களிமண்ணிலோ அது மிக மிக மெதுவாகவே நகரும்.

அப்படியானால் கீழ் அடுக்கு பாதுகாப்பானதா? முழுமையாக அல்ல. களிமண் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. சில இடங்களில் விட்டுப்போகும். மூடாமல் கைவிடப்பட்ட ஒரு பழைய குழாய்க் கிணறு போதும், மாசு நேராகக் கீழே இறங்கிவிடும். ஆழத்தில் அதிகமாக நீர் இறைத்தாலும் மேல் நீர் கீழ்நோக்கி இழுக்கப்படும். களிமண்ணுக்குள் ஊறிய மாசு, மேலே கசிவு நின்ற பிறகும் பல ஆண்டுகள் மெல்ல மெல்லத் திரும்ப வெளியேறும்.

இவற்றையெல்லாம் கணக்கிட 'மோட்ஃப்ளோ' போன்ற கணினி மாதிரிகள் உள்ளன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், களிமண் எங்கே கிழிந்திருக்கிறது என்பதைக் கணினி தானாக அறியாது. துளையிட்டு எடுத்த மண் விவரமும், கண்காணிப்புக் கிணறுகளின் தொடர் அளவீடும் இல்லாவிட்டால், திரையில் தெரியும் அழகிய வண்ணப்படம் வெறும் ஊகமே. எனவே, மென்பொருளைவிடக் கண்காணிப்புக் கிணறுகளுக்குச் செலவிடுவதே அவசரம்.

கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். அளவு மிஞ்சினால், அந்த நீரில் கரைத்த பால் மாவு கைக்குழந்தையின் இரத்தத்தில் உயிர்வளி செல்வதைக் கெடுக்கும். நாட்டின் குடிநீர்த் தரத்தில் நைட்ரஜன் கணக்கில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். உரமிடும் நிலத்துக்கோ மலத்தொட்டிக்கோ அருகில் கிணறு இருந்தால், ஆய்வகச் சோதனை அவசியம். பயனற்ற பழைய கிணற்றை முறையாக அடைப்பதும் அதே அளவு முக்கியம். இன்று மண்ணில் இறங்குவது, அடுத்த தலைமுறையின் குவளைக்கு வந்து சேரலாம்.